வீட்டாய்வு அறிக்கை எழுதுவது எப்படி? தத்துவள மையத்தில் புதிதாகச் சேர்ந்தவரின் கேள்வி

கேள்வி: காட்பாடி புதியவர்

வணக்கம். எம்.எஸ்.டபிள்யூ. முடித்து, வேலூர்ப் பக்கம் ஒரு தத்துவள மையத்தில், அதாவது குழந்தைகளைச் சட்டப்படி தத்துக் கொடுக்கும் மையத்தில், சமூகப் பணியாளராகச் சேர்ந்திருக்கிறேன். தத்தெடுக்கப் பதிவு செய்தவர்களின் வீட்டாய்வு, அதாவது ஹோம் ஸ்டடி, இனி என் பொறுப்பு. படிவம் கையில் இருக்கிறது. மாதிரிக்காகப் பல இடங்களில் கிடைத்த அறிக்கைகளைப் பார்த்தால் எல்லாம் ஒரே அச்சு: "தம்பதியர் அன்பானவர்கள். வீடு சுத்தமாக உள்ளது. குழந்தை வளர்க்கத் தகுதியானவர்கள்." இதை வைத்துக்கொண்டு யார் என்ன முடிவெடுக்க முடியும்?

வீட்டுக்குப் போனால் எதைப் பார்க்க வேண்டும், எதைக் கேட்க வேண்டும், பாதகமாக ஏதாவது தெரிந்தால் எப்படி எழுத வேண்டும்? எங்கள் பக்கத்து வீடுகள் பீடி சுற்றுகிற வீடு, தறி வீடு, பட்டாளத்து வீடு, வளைகுடாவுக்குப் போனவர் வீடு என்று பலவிதம். பாடப்புத்தகத்தில் இருக்கிற வீடு இங்கே இல்லை. இந்தத் துறையில் இருப்பவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.

பதில்: பாலாற்றங்கரை

அந்த மூன்று வாக்கியத்தையும் மறந்துவிட்டுத் தொடங்குங்கள். உங்கள் அறிக்கையைப் படிக்கிறவர் அந்தத் தம்பதியை இன்னும் பார்த்திருக்க மாட்டார். குழந்தை தருமபுரியில் இருக்கலாம், ஒடிசாவிலும் இருக்கலாம். அங்கே இருக்கிற தத்தெடுப்புக் குழுவுக்கு இந்த வீட்டைப் பற்றித் தெரியப்போவது நீங்கள் எழுதியது மட்டும்தான். "அன்பானவர்கள்" என்றால் அது உங்கள் அபிப்பிராயம். "கணவர் சொன்ன வருமானக் கணக்கை மனைவி இரண்டு இடத்தில் திருத்தினார், அவர் சிரித்துக்கொண்டே ஒப்புக்கொண்டார்" என்று எழுதினால், வீட்டில் பணம் பற்றிய பேச்சு எப்படி நடக்கிறது என்று படிப்பவருக்கே தெரிந்துவிடும். பார்த்ததை முதலில் எழுதுங்கள், அபிப்பிராயத்தைக் கடைசிப் பத்தியில் வையுங்கள்.

ஆவணங்கள் ஏற்றிய நாளிலிருந்து 60 நாளுக்குள் அறிக்கை முடிய வேண்டும் என்பது விதி. அதற்காக ஒரே நாளில் எல்லாவற்றையும் முடிக்காதீர்கள். முதலில் இருவரையும் சேர்த்து அலுவலகத்தில் ஒரு சந்திப்பு. பிறகு ஒவ்வொருவரிடமும் தனித்தனியாக. அதற்கப்புறம், வீட்டில் எல்லாரும் இருக்கிற நேரமாகப் பார்த்து வீட்டுக்குப் போவது. பரிந்துரைக் கடிதம் கொடுத்த இருவரிடமும் கடைசியில் பேசுங்கள். தனித்தனியாகப் பேசுவதை மட்டும் எந்தக் காரணத்துக்காகவும் விடக் கூடாது. சேர்ந்து உட்கார்ந்தால் "ரெண்டு பேருக்குமே ஆசைதாங்க" என்றுதான் வரும். தனியாகக் கேட்டால், "அவருக்கு இஷ்டம், நான் சரின்னேன்" என்றோ, "அம்மா கட்டாயப்படுத்தினாங்க" என்றோ வரும். ஒருவர் தள்ளி இன்னொருவர் சம்மதித்த தத்தெடுப்பு, குழந்தை வந்து முதல் காய்ச்சலிலேயே ஆட்டம் காணும்.

கேள்வியை ஆமாம், இல்லை என்று பதில் வருகிற மாதிரிக் கேட்காதீர்கள். "குழந்தையை அடிப்பீங்களா?" என்றால் யாரும் ஆமாம் என்று சொல்லப்போவதில்லை. "உங்க வீட்ல நீங்க சின்னப் பிள்ளையா இருந்தப்ப தப்பு பண்ணா என்ன நடக்கும்?" என்று கேளுங்கள். அதில் அவர்கள் எதைச் சிரிப்போடு சொல்கிறார்கள், எதைச் சொல்லாமல் தாண்டுகிறார்கள் என்பது முக்கியம்.

குழந்தையின்மை சிகிச்சை பற்றிக் கட்டாயம் கேளுங்கள். நம் ஊரில் பதிவு செய்கிற தம்பதிகளில் பலர் வருடக்கணக்காக மருத்துவமனை ஏறி இறங்கியவர்கள். கடைசியாகச் சிகிச்சை எடுத்தது எப்போது, நிறுத்தியது யார் முடிவு, இன்னொரு சுற்றுக்குத் திட்டம் இருக்கிறதா? சிகிச்சை நடந்துகொண்டிருக்கிறது என்பதற்காக நிராகரிக்கத் தேவையில்லை. ஆனால் "அது நடந்தா இது வேணாம்" என்கிற நினைப்பு ஒருவருக்காவது இருந்தால், அதை அவர்கள் வாயாலேயே சொல்ல வைத்து, அறிக்கையில் பதிவு செய்து, கவுன்சிலிங் தேவை என்று எழுதுங்கள்.

அடுத்தது பங்காளி விவகாரம். படிவத்தில் "உறவினர்களின் மனப்பான்மை" என்று ஒரு வரி இருக்கும். அந்த ஒரு வரிக்குள்தான் பாதி வழக்கே இருக்கிறது. பாகம் பிரிக்காத நிலம் இருக்கிறதா, அண்ணன் தம்பிகளுக்கு எத்தனை பிள்ளைகள், இவர்களுக்கு வாரிசு இல்லை என்று யாராவது கணக்குப் போட்டு வைத்திருக்கிறார்களா என்று விசாரியுங்கள். சிறார் நீதிச் சட்டம் 63-ஆம் பிரிவின்படி, தத்து உத்தரவு வந்த நாளிலிருந்து எல்லா வகையிலும் தத்துக் குழந்தை அவர்கள் பெற்ற பிள்ளைக்குச் சமம். இதைத் தம்பதிக்கு மட்டும் சொன்னால் போதாது, கூட இருக்கிற பெரியவர்கள் காதிலும் விழ வேண்டும். தாத்தா பாட்டியைச் சந்திக்காமல் அறிக்கையை மூடாதீர்கள். பகலில் குழந்தையை வைத்துக்கொள்ளப் போகிறவர் பாட்டிதான் என்றால், அவரும் ஒரு பெற்றோர் மாதிரிதான்.

வீட்டைப் பற்றி. சொந்த வீடு வேண்டும் என்று எந்த விதியும் இல்லை. ஓர் அறை, ஒரு சமையல்கட்டு போதும். பார்க்க வேண்டியது ஆபத்தை. தவழ்கிற குழந்தையின் கண் உயரத்துக்கு உட்கார்ந்து சுற்றிப் பாருங்கள். தரையோடு இருக்கும் தண்ணீர்த் தொட்டிக்கு மூடி உண்டா, கழிவறை ஆசிட் பாட்டில் எங்கே இருக்கிறது, அடுப்பு தரையிலா மேடையிலா, மொட்டைமாடிக் கைப்பிடிச் சுவர் எவ்வளவு உயரம். பீடி சுற்றுகிற வீடென்றால் புகையிலைத் தூள் எங்கே கொட்டி வைக்கிறார்கள், குழந்தை படுக்கிற இடமும் அதுவும் ஒன்றா என்று பாருங்கள். தூளை வெளித் திண்ணைக்கோ தனி அறைக்கோ மாற்ற முடியுமா என்று கேட்டு, மாற்றிய பிறகு இன்னொரு முறை போய்ப் பார்த்து எழுதலாம். குடியாத்தம் பக்கம் தறி வீட்டில் குழித்தறிப் பள்ளம் இருக்கும். அதற்குப் பலகை மூடி போட்டாலே பிரச்சினை தீர்ந்தது. பீடித் தொழில், தறித் தொழில் என்பதே ஒரு குறை மாதிரி எழுதுகிறவர்கள் உண்டு. அது அநியாயம். மாடி வீட்டில் நீச்சல் தொட்டி மாதிரி சம்ப் திறந்து கிடக்கும், அது யார் கண்ணிலும் படாது.

பதில்: சத்துவாச்சாரி

மேலே உள்ளவர் சொன்னதில் பெரும்பாலும் உடன்பாடு. நான் காகிதப் பக்கம் மட்டும் சொல்கிறேன். வீட்டாய்வு தாமதமாவதற்குப் பெரும்பாலும் காகிதம்தான் காரணம்.

முதலில் எந்த மாவட்டம் என்று பாருங்கள். 2019-இல் வேலூர் மூன்றாகப் பிரிந்த பிறகும் பலர் பழைய நினைப்பில் வேலூருக்கே வருகிறார்கள். ஆற்காடு, வாலாஜா, அரக்கோணம், சோளிங்கர் எல்லாம் ராணிப்பேட்டை மாவட்டம். ஆம்பூர், வாணியம்பாடி, நாட்றம்பள்ளி திருப்பத்தூர். குடியாத்தம், பேரணாம்பட்டு, அணைக்கட்டு, காட்பாடி நமக்கு. ஒவ்வொன்றுக்கும் தனிக் குழந்தைகள் பாதுகாப்பு அலகு, தனி ஆட்சியர். தத்தெடுப்பு உத்தரவை இப்போது நீதிமன்றம் போடுவதில்லை. 2021 திருத்தச் சட்டம் 2022 செப்டம்பரில் அமலுக்கு வந்ததிலிருந்து மாவட்ட ஆட்சியர்தான் போடுகிறார். முகவரி தவறினால் கோப்பு சுற்றிக்கொண்டே இருக்கும்.

காரா (மத்திய தத்தெடுப்பு வள ஆணையம்) இணையதளத்தில் ஏற்ற வேண்டியவை: குடும்பப் புகைப்படம், பான் அட்டை, இருவருக்கும் பிறந்த தேதிச் சான்று, முகவரிச் சான்று, வருமானச் சான்று, திருமணச் சான்று, தீராத நோயோ தொற்றுநோயோ இல்லை என்று மருத்துவர் தரும் சான்று, இரண்டு பரிந்துரைக் கடிதம். மறுமணம் என்றால் விவாகரத்துத் தீர்ப்பு அல்லது முதல் துணையின் இறப்புச் சான்று. தனி ஆளாகத் தத்தெடுப்பவர் என்றால், தனக்கு ஏதாவது ஆனால் குழந்தையைப் பார்த்துக்கொள்வேன் என்று உறவினர் ஒருவர் தரும் உறுதிமொழியும் வேண்டும். தனி ஆண் பெண் குழந்தையைத் தத்தெடுக்க முடியாது.

இதில் சிக்குகிற இடம் மூன்று. ஒன்று, இனிஷியல். ஆதாரில் அப்பா இனிஷியல், பானில் இனிஷியல் விரித்து எழுதியிருக்கும், திருமணச் சான்றில் மனைவிக்குக் கணவர் இனிஷியல். இதெல்லாம் ஒரே ஆள்தான் என்று நமக்குத் தெரியும், கணினிக்குத் தெரியாது. உத்தரவில் எந்தப் பெயர் வருகிறதோ அதுதான் குழந்தையின் பிறப்புச் சான்றில் பெற்றோர் பெயராக ஏறும். பள்ளியில் சேர்க்கும்போதும் பாஸ்போர்ட் எடுக்கும்போதும் மறுபடி அலைய வேண்டும். அதனால் பதிவுக்கு முன்பே எல்லா அட்டையிலும் பெயரை ஒரே மாதிரி திருத்தச் சொல்லுங்கள்.

இரண்டு, திருமணப் பதிவு. கோயிலில் தாலி கட்டி, பத்திரிகையைத் தவிர வேறு எதுவும் இல்லாத தம்பதிகள் ஏராளம். சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிந்துகொண்டு வரச் சொல்லுங்கள். இரண்டு வருட நிலையான மணவாழ்வு என்பதையும் அது காட்டும்.

மூன்று, சம்பளச் சீட்டு இல்லாதவர்களின் வருமானம். இ-சேவை மையம் வழியாக வட்டாட்சியர் தரும் வருமானச் சான்று போதும். ஆனால் அதில் ஏதோ சலுகைக்காகக் குறைத்துப் போட்ட தொகை இருக்கும். அறிக்கையில் நீங்கள் உண்மை வரவு செலவை எழுதும்போது இரண்டும் உதைக்கும். வாங்கும்போதே சரியான தொகையைக் குறிப்பிடச் சொல்லிவிடுங்கள்.

வயதுக் கணக்கும் தெரிந்திருக்க வேண்டும். இரண்டு வயது வரை உள்ள குழந்தைக்குத் தம்பதியின் கூட்டு வயது 85-க்குள், தனி ஆளுக்கு 40-க்குள். 2 முதல் 4 வயது வரை 90, 45. 4 முதல் 8 வரை 100, 50. 8 முதல் 18 வரை 110, 55. குழந்தைக்கும் பெற்றோருக்கும் குறைந்தது 25 வயது இடைவெளி. ஏற்கெனவே இரண்டு பிள்ளை உள்ளவர்களுக்குச் சிறப்புத் தேவை உள்ள குழந்தையோ எளிதில் வீடு அமையாத குழந்தையோதான். உறவுக்குள் தத்து, மாற்றாந்தாய் அல்லது மாற்றாந்தந்தை தத்து என்றால் இந்த வரம்புகள் பொருந்தாது.

பதில்: கோட்டை மதில்

பாலாற்றங்கரை சொன்னதில் ஒன்றில் மாறுபடுகிறேன். பாதகமான விஷயத்தைக் "கவுன்சிலிங் தேவை" என்று எழுதி நகர்த்திவிடுவது இப்போது வழக்கமாகிவிட்டது. தம்பதி பாவம், இத்தனை வருடம் காத்திருக்கிறார்கள் என்று மனசு இளகும். நீங்கள் வேலை செய்வது குழந்தைக்காக. பரிந்துரைக்க முடியாது என்றால் முடியாது என்று எழுதுங்கள், காரணத்தைக் குறிப்பிடுங்கள். அவர்களிடமும் நேராகச் சொல்லுங்கள். குடி, அடிதடி, துணையின் சம்மதமின்மை, மறைத்த நோய், மறைத்த முதல் திருமணம் இவையெல்லாம் கவுன்சிலிங்கில் கரைகிற சமாசாரம் இல்லை. ரத்த அழுத்தம், சர்க்கரை (மருத்துவர் சான்று தந்தால்), வாடகை வீடு, வயசான மாமியார் இவையெல்லாம் தடையே இல்லை. இந்த இரண்டு கூடையையும் கலக்காமல் இருந்தாலே பாதி வேலை முடிந்தது.

பட்டாளத்து வீடு பற்றிக் கேட்டீர்கள். கம்மவான்பேட்டை மாதிரி ஊர்களில் வீட்டுக்கு ஒருவர் ராணுவத்தில் இருப்பார். கணவர் விடுப்பில் வரும்போதுதான் வீட்டாய்வு செய்ய முடியும். விடுப்புத் தேதியை முன்பே கேட்டு வாங்கி, தனிப் பேட்டியையும் வீட்டுச் சந்திப்பையும் அந்த நாட்களுக்குள் வையுங்கள். மனைவியை மட்டும் பார்த்து எழுதிய அறிக்கை செல்லாது. குழந்தை வந்தபின் அவர் எத்தனை மாதம் ஊரில் இருக்க மாட்டார், அப்போது மனைவிக்குக் கூடத் துணை யார் என்பதைத் தெளிவாக எழுதுங்கள்.

ஆம்பூர், வாணியம்பாடிப் பக்கம் வளைகுடாவில் இருப்பவர்கள் கேட்டு வந்தால், இருவரும் வெளிநாட்டில் குடியிருப்பவர்கள் என்றால் அவர்கள் வேறு வகைப் பதிவு. உங்கள் மையம் வீட்டாய்வு செய்ய முடியாது. அப்புறம், முஸ்லிம் குடும்பங்களில் "எங்க மதத்துல தத்து கிடையாதே, எங்களுக்கும் பதிவு பண்ண முடியுமா?" என்று கேட்பார்கள். முடியும். 2014-இல் உச்ச நீதிமன்றம் ஷப்னம் ஹாஷ்மி வழக்கில், சிறார் நீதிச் சட்டப்படி எந்த மதத்தவரும் தத்தெடுக்கலாம், அது அவரவர் விருப்பம் என்று சொல்லிவிட்டது.

மறுபடி கேள்வி: காட்பாடி புதியவர்

மூவருக்கும் நன்றி. இன்னொன்று. ஒரு தம்பதி வந்து, "குழந்தை ஏற்கெனவே எங்ககிட்டதான் இருக்கு, தெரிஞ்ச நர்ஸ் ஒருத்தங்க வாங்கிக் கொடுத்தாங்க, பேப்பர் மட்டும் நீங்க போட்டுக் கொடுங்க" என்று கேட்டால் என்ன சொல்வது? இப்படிக் கேட்பவர்கள் உண்டு என்று அலுவலகத்தில் எச்சரித்தார்கள். இந்து தத்தெடுப்புச் சட்டப்படி பத்திரம் எழுதினால் போதும் என்றும் சிலர் சொல்கிறார்களாம்.

பதில்: கருப்புக் கோட்டு

இதற்குக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். இங்கேதான் நல்லவர்களும் ஜெயில் வாசல் வரை போகிறார்கள்.

1956-ஆம் வருட இந்து தத்தெடுப்பு, ஜீவனாம்சச் சட்டம் இன்னும் அமலில் இருக்கிறது. அந்தச் சட்டப்படி நடக்கும் தத்துக்குச் சிறார் நீதிச் சட்டம் பொருந்தாது என்று 56-ஆம் பிரிவே சொல்கிறது. ஆனால் அந்தச் சட்டத்தில் குழந்தையைக் கொடுக்க உரிமை உள்ளவர் யார்? தகப்பன் அல்லது தாய், இன்னொருவர் சம்மதத்தோடு. பெற்றோர் இருவரும் இல்லாதபோதும், குழந்தையைக் கைவிட்டபோதும் காப்பாளர் கொடுக்கலாம், அதற்கும் நீதிமன்ற அனுமதி வேண்டும். நர்ஸுக்கு, ஆயாவுக்கு, மருத்துவமனைக்கு, ஊர்ப் பெரியவருக்கு எந்தச் சட்டத்திலும் கொடுக்கும் உரிமை கிடையாது. குழந்தைக்கு 15 வயது முடிந்திருக்கக் கூடாது. ஏற்கெனவே மகன் இருப்பவர் மகனைத் தத்தெடுக்க முடியாது, மகள் இருப்பவர் மகளை எடுக்க முடியாது. ஆண் பெண் குழந்தையையோ, பெண் ஆண் குழந்தையையோ எடுத்தால் 21 வயது இடைவெளி வேண்டும். பணம் கைமாறவே கூடாது. பெற்ற தாய் யார் என்றே தெரியாமல் எழுதிய பத்திரம் வெறும் காகிதம்.

நீங்கள் சொன்ன மாதிரி வழக்கில் அதைவிடப் பெரிய தப்பு, பெரும்பாலும் ஆஸ்பத்திரி ரெக்கார்டிலேயே இந்த அம்மா பெற்றதாகப் பெயர் மாற்றியிருப்பார்கள். அது பொய் ஆவணம். சிறார் நீதிச் சட்டம் 80-ஆம் பிரிவு: முறை மீறித் தத்தெடுத்தால் மூன்று வருடம் வரை சிறை அல்லது ஒரு லட்சம் அபராதம் அல்லது இரண்டும். 81-ஆம் பிரிவு: குழந்தையை விற்றாலோ வாங்கினாலோ ஐந்து வருடம் வரை கடுங்காவல், ஒரு லட்சம் அபராதம். அதையே மருத்துவமனை ஊழியர் செய்தால் தண்டனை மூன்று வருடத்துக்குக் குறையாது, ஏழு வரை போகும்.

உங்கள் மையம் "பேப்பர் போட்டுக் கொடுக்க" முடியாது. போட்டால் நீங்களும் கூட்டாளி. அவர்களிடம் சொல்ல வேண்டியது ஒன்றுதான்: குழந்தையைக் குழந்தைகள் நலக் குழு முன் கொண்டுபோய் நிறுத்துங்கள். கேட்டவுடன் அவர்கள் கேட்கும் அடுத்த கேள்வி, "அப்புறம் எங்களுக்கே திரும்பக் கிடைக்குமா?" கிடைக்கும் என்று உறுதி கொடுக்காதீர்கள். அது குழு முடிவு. குழந்தை தத்துக்கு முறைப்படி விடுவிக்கப்பட்டால் வரிசையில் முன்னால் இருப்பவருக்குப் போகும். இதைக் கேட்டதும் எழுந்து போய்விடுகிறவர்கள் உண்டு. அப்படிப் போனாலும், இப்படி ஒரு குழந்தை இருக்கிறது என்று தெரிந்த பிறகு நீங்கள் சும்மா இருக்க முடியாது. 24 மணி நேரத்துக்குள் 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணுக்கோ குழுவுக்கோ காவல் நிலையத்துக்கோ தெரிவிக்க வேண்டும். சிறார் நீதிச் சட்டம் 32-ஆம் பிரிவு பொதுவாக எல்லாருக்கும், உங்களுக்கு அதில் இரட்டைப் பொறுப்பு.

உறவுக்குள் தத்து என்றால் வேறு பாதை. அண்ணன் பிள்ளை, அக்கா பிள்ளை, பேரன் பேத்தி என்றால் சிறார் நீதிச் சட்டத்திலேயே உறவினர் தத்து உண்டு. அதுவும் இணையதளப் பதிவோடு, பெற்றோரின் சம்மதத்தோடு, மாவட்ட ஆட்சியர் உத்தரவோடு. ஐந்து வயதுக்கு மேல் என்றால் பிள்ளையின் சம்மதமும் வேண்டும்.

பதில்: பாலாற்றங்கரை

மேலே வந்ததோடு ஒட்டி ஒன்று. பெற்ற குழந்தையை ஒப்படைக்க வருகிற தாயைப் பார்ப்பதும் உங்கள் வேலைக்குள் வரும். வீட்டாய்வைவிடக் கவனமாகச் செய்ய வேண்டியது அது. ஆஸ்பத்திரி வாசலில் கையெழுத்து வாங்கிக்கொண்டு குழந்தையைத் தூக்கி வரக் கூடாது. ஒப்படைப்புப் பத்திரம் குழந்தைகள் நலக் குழு முன்னால்தான் எழுத வேண்டும். அதிலிருந்து 60 நாள் அவள் மனசு மாறித் திரும்பக் கேட்கலாம். இதை அவளுக்குப் புரிகிற பேச்சில், தேதியைக் குறிப்பிட்டுச் சொல்லுங்கள். "அறுபது நாள்" என்பதைவிட "மாசி 15 வரைக்கும்" என்றால் நினைவிருக்கும். பத்திரத்தின் ஒரு நகல் அவள் கையில் இருக்க வேண்டும். கூட வந்த அம்மாவோ அத்தையோ பேசிக்கொண்டே இருந்து அவளைப் பேச விடாவிட்டால், அவர்களை டீக்கு அனுப்பிவிட்டு அவளிடம் தனியாக இருங்கள். தாய்ப்பால் கட்டிக்கொண்டு வலிக்கும், அதற்கு என்ன செய்வது என்று சொல்ல ஒரு ஆளை ஏற்பாடு செய்யுங்கள். அதை யாரும் யோசிப்பதில்லை.

தாய் 18 வயதுக்குக் கீழ் என்றால் கூட வந்த பெரியவர் சாட்சிக் கையெழுத்து போட வேண்டும். அதோடு போக்சோ சட்டப்படி தகவல் கொடுப்பது கட்டாயம், அதை மறைக்க வழியில்லை. அவளிடமும் இதை முதலிலேயே சொல்லிவிடுங்கள், பிறகு தெரிந்தால் உங்களை நம்ப மாட்டாள்.

கைவிடப்பட்டுக் கிடைத்த குழந்தை என்றால் பெற்றோரைத் தேடும் விளம்பரம், காவல்துறை அறிக்கை எல்லாம் முடிந்து, இரண்டு வயதுக்குள் என்றால் இரண்டு மாதம், அதற்கு மேல் என்றால் நான்கு மாதத்துக்குள் குழு விடுவிக்க வேண்டும். சேலத்தில் 1992-இல் தொடங்கிய தொட்டில் குழந்தைத் திட்டம் பிறகு தருமபுரி, திருவண்ணாமலை வரை வந்தது. அங்கிருந்து வரும் குழந்தைகளுக்கும் இதே நடைமுறை. குழந்தை சுற்றியிருந்த துணி, கூட வைத்திருந்த கயிறு, சீட்டு எதுவானாலும் பத்திரப்படுத்துங்கள். வளர்ந்த பிள்ளை ஒருநாள் மையத்துக்குத் தேடி வரும். அப்போது கையில் கொடுக்க அது ஒன்றுதான் இருக்கும்.

பதில்: வார்டு சிஸ்டர்

குழந்தையோட மருத்துவ அறிக்கையைப் பத்தி யாரும் சொல்லல, அதனால நான் சொல்றேன்.

தம்பதிங்க அறிக்கையில "எச்.ஐ.வி. ஆன்டிபாடி பாசிட்டிவ்"னு பார்த்தா அப்பவே போனை வச்சிடுவாங்க. சின்னக் குழந்தைக்கு அந்த டெஸ்ட் தாயோட ஆன்டிபாடியைத்தான் காட்டும். அது 18 மாசம் வரைக்கும் ரத்தத்துல இருக்கலாம். குழந்தைக்குத் தொற்று இருக்கா இல்லையான்னு பி.சி.ஆர். பண்ணாத்தான் தெரியும். அந்த ரிசல்ட் கூட இருக்கான்னு பாருங்க, இல்லன்னா அறிக்கையை அப்படியே ஏத்தாதீங்க. குறைமாசக் குழந்தைன்னா கண் பரிசோதனை, காது பரிசோதனை ரெண்டும் வேணும். தைராய்டும் பாத்திருக்கணும், அதை விட்டா மூளை வளர்ச்சி போயிடும், மாத்திரை குடுத்தா ஒண்ணும் இல்லாம போயிடும். குழந்தையை ஏத்துக்கறதுக்கு முன்னாடி தங்களுக்கு நம்பிக்கையான டாக்டர்கிட்ட தம்பதி காட்டலாம், அது அவங்க உரிமை. அதைச் சந்தேகமா எடுத்துக்காதீங்க.

அறிக்கையில "சாதுவான குழந்தை, அழாது"ன்னு பெருமையா எழுதறாங்க. அழுதா யாரும் வரலன்னு கத்துக்கிட்ட குழந்தையும் அழாதுதான். எழுதறப்ப தூக்கினா ஒட்டிக்குதா விறைச்சுக்குதா, முகத்தைப் பாக்குதா, பழகின ஆயா வந்தா வேற மாதிரி இருக்கான்னு எழுதுங்க.

குழந்தையை ஒப்படைக்கற அன்னிக்கு இதெல்லாம் கூட அனுப்புங்க: தடுப்பூசி அட்டை, இப்ப குடிக்கற பால் பவுடர் டப்பா ஒண்ணு, எத்தனை மணிக்கு எத்தனை மில்லின்னு எழுதின சீட்டு, படுத்துப் பழகின துணி (துவைக்காம). பெரும்பாலான பவுடர் 30 மில்லி தண்ணிக்கு ஒரு ஸ்பூன், ஆனா டப்பாவுல போட்டதுதான் கணக்கு, டப்பாவுக்குள்ள இருக்கற ஸ்பூன்தான் ஸ்பூன். கெட்டியா குடுத்தா குழந்தை சீக்கிரம் குண்டாகும்னு பாட்டிங்க கூட ஒண்ணு போடுவாங்க. மலச்சிக்கலும் நீர்ச்சத்துக் குறைவும் வரும், அதுவும் வேலூர் மே மாச வெயில்ல. தண்ணி விட்டு நீட்டினா எடை ஏறாது. முதல் ரெண்டு வாரம் பிராண்டை மாத்த வேணாம்.

ரெண்டு மூணு வயசுக் குழந்தை வேற மாநிலத்துலேர்ந்து வந்தா, தண்ணி, பசி, ஒண்ணுக்கு, வலி, அம்மா, தூக்கம் இதுக்கெல்லாம் அந்த மொழியில என்னன்னு ஆயாகிட்ட கேட்டு செல்போன்ல பதிவு பண்ணிக்கச் சொல்லுங்க. தாலாட்டு ஏதாவது பாடினா அதையும். தட்டுல சோறு மிச்சம் வச்சு தலகாணிக்கடியில ஒளிச்சு வைக்கும், யார் கூப்பிட்டாலும் போயிடும். திட்ட வேணாம்னு பெத்தவங்ககிட்ட முன்னாடியே சொல்லிடுங்க. ஊரைக் கூட்டி பேர் வைக்கற விழாவை ஒரு ரெண்டு மாசம் தள்ளிப் போடச் சொல்லுங்க. அம்மா அப்பா யாருன்னே இன்னும் பிடிபடாத குழந்தையை நூறு பேர் மாத்தி மாத்தித் தூக்கக் கூடாது.

பதில்: கோட்டை மதில்

சிஸ்டர் சொன்னது சரி. பெரிய பிள்ளைகள் விஷயத்தில் இன்னும் கவனம் வேண்டும். ஆறு வயதுக்கு மேற்பட்ட பிள்ளை திரும்பி வரும் வழக்குகளில் பெரும்பாலும் காரணம், தம்பதியைத் தயார் செய்த அளவுக்குப் பிள்ளையைத் தயார் செய்யாததுதான். புது வீட்டின் படங்கள், தெரு, பள்ளி, நாய் இருந்தால் நாய் எல்லாம் உள்ள ஆல்பம் ஒன்று முன்பே அனுப்பச் சொல்லுங்கள். வீடியோவில் சில தடவை பேச வையுங்கள்.

தத்துப் பிள்ளை என்பதைச் சொல்வதா வேண்டாமா என்று எல்லாரும் கேட்பார்கள். வீட்டாய்விலேயே இதைப் பேசி, அவர்கள் சொன்ன பதிலை எழுதுங்கள். "பதினெட்டு வயசானதும் சொல்லிக்கலாம்" என்றால் அது நடக்காது. தெருவுக்கே தெரியும், பள்ளிக்கூடத்துச் சண்டையில் யாராவது சொல்லிவிடுவார்கள். பேச்சுப் புரிகிற மூன்று நான்கு வயதிலேயே கதை மாதிரி தொடங்கச் சொல்லுங்கள்.

மறுபடி கேள்வி: காட்பாடி புதியவர்

மிகவும் உதவியாக இருந்தது. கடைசியாக இரண்டு சின்னக் கேள்வி. கட்டணம் எவ்வளவு சொல்ல வேண்டும்? அறிக்கை எழுதியபின் தம்பதி பல வருடம் காத்திருந்தால் அதே அறிக்கை செல்லுமா?

பதில்: சத்துவாச்சாரி

வீட்டாய்வுக்கு 6,000 ரூபாய். குழந்தையை ஒப்படைக்கும்போது குழந்தை பராமரிப்பு நிதிக்கு 50,000. இரண்டுமே மையத்தின் வங்கிக் கணக்கில், ரசீதோடு. நன்கொடை, கட்டட நிதி, "சும்மா ஒரு புடவை" எதையும் வாங்கக் கூடாது. காப்பி குடிக்கலாம், விருந்து சாப்பிட்டுவிட்டு அறிக்கை எழுதாதீர்கள்.

அறிக்கை மூன்று வருடம் செல்லும். கைக்குழந்தை கேட்பவர்களின் காத்திருப்பு இப்போது மூன்று வருடத்தைத் தாண்டுவதால், பலருக்கு அது முடிந்துவிடுகிறது. முடிவதற்கு முன்பே போன் செய்து, வீடு மாறினீர்களா, வேலை மாறியதா, கர்ப்பம் உண்டா, வீட்டில் இறப்பு உண்டா என்று கேட்டு, மறுபடி நேரில் போய்ப் பார்த்துப் புதுப்பியுங்கள். பழைய அறிக்கையில் தேதியை மட்டும் மாற்றி ஏற்றினால், அந்தக் கணவர் இரண்டு வருடத்துக்கு முன்பே மாரடைப்பில் படுத்தது யாருக்கும் தெரியாமல் போகும்.

இணையதளத்தில் குழந்தையின் விவரத்தைக் காட்டும்போது 48 மணி நேரத்துக்குள் தங்களுக்கென ஒதுக்கிக்கொள்ள வேண்டும், மொத்தம் மூன்று முறைதான் காட்டுவார்கள் என்பதையும் இப்போதே சொல்லிவிடுங்கள். அந்தச் செய்தி பழைய செல் நம்பருக்குப் போய்ப் பலர் ஒரு வாய்ப்பை இழந்திருக்கிறார்கள். பதிவில் இருக்கிற நம்பரும் மின்னஞ்சலும் உயிரோடு இருக்கிறதா என்று பாருங்கள். குழந்தையை ஒப்படைத்த நாளிலிருந்து ஆறு மாதத்துக்கு ஒருமுறை என இரண்டு வருடம் நான்கு தொடர் சந்திப்பு உண்டு. அந்தத் தேதிகளை ஒப்படைக்கும் நாளிலேயே நாட்காட்டியில் குறித்துக் கொடுங்கள்.